மாலுமியின் பலகையும் நமது பெருமையும்

சில மாதங்களுக்கு முன் பல்லாவரத்தில் நிகழ்ந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், வாஸ்கோடகாமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்னும் அரபு மாலுமியே என்று அன்பர் ஒருவர் முழங்கினார். அவை கைதட்டி மகிழ்ந்தது. நம் மலர்களும் மேடைகளும் நெடுநாளாகச் சொல்லிவரும் செய்திதான் இது. ஆயினும், கைதட்டுமுன் அதன் மூலத்தை நோக்குவது நம் கடமையன்றோ?

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலியின் வரலாற்று நூலே இச்செய்தியின் ஊற்று. அவரோ இதனைப் புகழாக எழுதவில்லை. மதுவின் மயக்கத்தில் வழியைக் காட்டிக் கொடுத்தார் என்று பழியாகவே எழுதினார். போர்த்துகீசிய ஆசிரியர் பர்ரோஸ், 1498இல் மாலிந்தியில் கப்பலேறிய வழிகாட்டியைக் குஜராத்தி முஸ்லிம் என்கிறார். இப்னு மாஜிதோ ஜுல்ஃபாரைச் சேர்ந்த அரபியர். பிற்கால ஆய்வாளர் பலர் இக்கதையை ஏற்பதில்லை. பழியைப் புகழென்று எண்ணி நாம் சுமந்து திரிந்திருக்கிறோம்.

அவருடைய உண்மைப் பெருமை 1490ஆம் ஆண்டையொட்டி அவர் இயற்றிய 'கிதாபுல் ஃபவாயித்' நூலில் இருக்கிறது. டிபெட்ஸ் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1971இல் வெளியிட்டார். துருவ மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே அவ்விடத்தின் அட்சரேகை. அவ்வுயரத்தை அரபு மாலுமிகள் விரற்கணக்கில் அளந்தனர். ஒரு விரல் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதி. அந்நாளில் துருவ மீன் உண்மைத் துருவத்தினின்று சுமார் மூன்றரைப் பாகை விலகிச் சுற்றியது. பிற மீன்களின் நிலை கண்டு இப்பிழையைத் திருத்தாதவன், இருநூறு கடல் மைல்வரை தவறக்கூடும். அந்தத் திருத்தத்தைக் கற்பித்தவர் அவர். மாலுமி என்ற நம் சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆசான் என்பது அதன் பொருள்.

இக்கலை அரபுக் கடலோடு நின்றுவிடவில்லை. சோழமண்டலக் கரை மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையைக் கையாண்டதை, காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1850இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வரைந்தார். ஊருக்கொரு முடிச்சு. முடிச்சைப் பல்லிற் கடித்துக் கயிற்றை நேராக நீட்டினால், பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு மீனையும் தொட வேண்டும். தெற்கே செல்லச் செல்ல மீன் தாழும், கயிறு நீளும். நாகூருக்குச் சுமார் 10.8 பாகை, காயல்பட்டினத்திற்கு 8.6, அச்சேக்கு 5.5. உரிய முடிச்சில் மீன் பொருந்தும்வரை வடக்கோ தெற்கோ ஓடி, பின் அவ்வுயரம் மாறாமல் கிழக்கோ மேற்கோ திரும்பினால் துறைமுகம் எதிர்ப்படும்.

நம் பாட்டன்மாரின் பல்லிலிருந்த கயிற்றை அந்நியர் ஒருவர் எழுதிவைத்தார். நாமோ அயலான் கப்பலுக்கு வழிகாட்டியவர் யார் என்பதிலேயே பெருமை தேடுகிறோம். கீழக்கரையிலும் நாகூரிலும் காயலிலும் பழைய பெட்டிகளைத் திறந்து பார்ப்போர் எத்தனை பேர்? கடலோடிய முதியோரிடம் கேட்டு எழுதுவோர் எத்தனை பேர்?

கூட்டம் முடிந்து வெளியே வந்து வடதிசை நோக்கினேன். பல்லாவரத்தில் துருவ மீன் பதின்மூன்று பாகை உயரத்தில் நிற்க வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஒளிவெள்ளத்தில் அது கண்ணுக்குப் படவில்லை. மீன் அங்கேதான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.