தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பாருங்கள்

பழைய தமிழ்ப் படத்தைப் போட்டால் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். "ஏன் இப்படிக் கத்துறாங்க?" என்று ஒரு கேள்வி வேறு. நியாயமான கேள்விதான். ஆனால் குறை படத்தில் இல்லை, கையிலிருக்கும் செல்போனில் இருக்கிறது.

அந்தப் படங்களை ஊர்ப்புறத்தார் பார்த்தது டெண்ட் கொட்டகையில். 1905-இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கிய ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். அங்கிருந்து தொடங்கியது டூரிங் டாக்கீஸ். சின்ன வயதில் நான் பார்த்ததும் அப்படியொரு கொட்டகையில்தான். மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் இன்னும் கொஞ்சம் மணல். பக்கத்தில் சோடா உடைக்கும் சத்தம், பெண்கள் பக்கத்தில் குழந்தை அழுகை, முறுக்கு விற்பவரின் குரல். இத்தனையையும் தாண்டிக் கடைசி ஆள் காதுக்கு வசனம் போய்ச் சேர வேண்டும். 'பராசக்தி' (1952) நீதிமன்றக் காட்சியை இந்த இரைச்சலுக்கு நடுவே வைத்துக் கேளுங்கள். கத்தலாகத் தோன்றாது.

ஆகவே முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' படங்களின் கதைவசனம் ரெக்கார்டாக வந்து, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும். வானொலியில் ஒலிச்சித்திரம் என்றே ஒரு நிகழ்ச்சி இருந்தது. திரையே பார்க்காமல் படத்தை ரசித்த ஜனங்கள் நாம். 'திருவிளையாடல்' படத்தில் தருமியாக நாகேஷ் புலம்பும் காட்சியை ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். மூச்சு விடும் இடத்தில்கூட அவர் எப்படிச் சிரிக்க வைக்கிறார் என்று தெரியும்.

அடுத்தது இடைவேளை. ஆயிரம் அடி ரீல் சுமார் 11 நிமிஷம்தான் ஓடும். கொட்டகையில் ஒரே புரொஜெக்டர் இருந்தால், சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டே ஆக வேண்டும். ரீல்களைச் சேர்த்து ஒட்டி ஓட்டினாலும் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை சகஜம். 'நாடோடி மன்னன்' (1958) மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் யாருக்கும் அலுக்காததற்கு எம்.ஜி.ஆர். பாதிக் காரணம், இந்த நிறுத்தங்கள் மீதிக் காரணம் என்பேன். நீங்களும் நிறுத்துங்கள். கடலை கொறித்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று சண்டை போடுங்கள்.

இப்படிக் கொட்டகை பாணியில் படம் பார்க்க, அந்தமானில் உள்ள சிப்பிகாட் மாதிரி வசதியான ஊர் கிடையாது. பகல் வெளிச்சம் உள்ளே வரும் கொட்டகையில் முதல் ஆட்டத்துக்கு இருட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தமானிலோ டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், மழையும் ஓய ஆரம்பித்திருக்கும். வெளிச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள், வாடகைக்கோ இரவலோ ஒரு சின்ன புரொஜெக்டர், ஒரே ஒரு ஸ்பீக்கர். நாற்காலி வேண்டாம், பாய் போதும். தனியாகப் பார்க்கவே கூடாது. நாலு வீட்டாரையாவது கூப்பிடுங்கள்.

முதல் படமாக, இந்தத் தீவுகளிலேயே எடுத்த சிவாஜியின் 'அந்தமான் காதலி' (1978) வைக்கத் தோன்றும். கதை சுமார்தான். ஆனாலும் 2004 சுனாமியில் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல் நீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு, அதற்கு முந்தைய அந்தமானைத் திரையில் காண்பது வேறு விஷயம். பெரியவர்கள் நடுவில் பேசுவார்கள், இது எந்த இடம் என்று வாதம் செய்வார்கள். பேச விடுங்கள். கொட்டகையில் யாரும் வாயை மூடிக்கொண்டு படம் பார்த்ததில்லை.

பிள்ளைகள் நிறைய இருந்தால் மட்டும் 'திருவிளையாடல்' வையுங்கள். அதற்கு எந்த முன்னுரையும் தேவைப்படாது.