துணிக்கு அடியில் இருக்கும் தகடு

1962-இல் ஃபோர்டு நிறுவனம் தண்டர்பேர்டு காரில் லாண்டாவ் என்றொரு வகையைக் கொண்டுவந்தது. கூரைமேல் வினைல், பின்தூண்களில் எஸ் வடிவ அலங்காரக் கம்பி. பழைய குதிரை வண்டிகளின் மடக்குக் கூரையை நினைவூட்டும் தோற்றம்; ஆனால் இந்தக் கூரை மடங்காது, அடியில் இருப்பது முழு இரும்புத் தகடு. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கக் கார்களில் வினைல் கூரை வெகு சாதாரணமாகிவிட்டது. லிங்கன் கான்டினென்டல் மார்க் 3 போன்ற சொகுசு வண்டியிலும் ஒட்டினார்கள், டாட்ஜ் சார்ஜர் போன்ற வேக வண்டியிலும் ஒட்டினார்கள். இன்று அந்தக் கார்களைப் பேணி வைத்திருப்போர் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்தே தீர வேண்டும்: வெளிறி, வெடித்து, ஓரம் தூக்கி நிற்கும் கூரையை என்ன செய்வது? மேலே கலர் பூசலாம், புதுத் துணி போடலாம், துணியே வேண்டாமென்று எடுத்துவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம், வினைல் போலத் தோன்றும் பூச்சைத் தெளிக்கலாம். பெரும்பாலோர் துணியின் நிலையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். தகட்டின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

வினைல் என்பது பின்புறம் துணி கொடுத்து, மேலே பிவிசி பூசி, தோல் போல வரி பதித்த ரெக்சின்தான். பிவிசியோடு கலந்திருக்கும் மென்மையூட்டிதான் அதற்கு நெகிழ்வு தருகிறது. வெயில் பட்டுப் பட்டு அது வெளியேறிவிட, ரெக்சின் விறைத்துச் சுருங்குகிறது. ஓரங்கள் இழுபடுகின்றன, இணைப்புகள் வாய் திறக்கின்றன. பின்கண்ணாடியைச் சுற்றி ஓடும் க்ரோம் பீடிங் வழியாக மழைநீர் உள்ளே இறங்குகிறது. இறங்கிய நீர் காய வழியில்லை. பீடிங்கைப் பிடிக்கும் கிளிப்புகள் தகட்டில் வெல்டு வைத்த சின்னஞ்சிறு ஸ்டட்களில் மாட்டியிருக்கும். துரு முதலில் பிடிப்பது அந்த ஸ்டட்களின் அடியில்தான். எப்படியும் மூடப்போகிற கூரைதானே என்று பல கார்களில் ஆலையிலேயே ப்ரைமரோடு நிறுத்திக்கொண்டதும் உண்டு. 1968 முதல் 1970 வரை வந்த சார்ஜரில் பின்கண்ணாடி இரு தூண்களுக்கு இடையே உள்வாங்கி இருக்கும். அழகான வடிவம், ஆனால் நீரும் சருகும் அங்கே தங்கிவிடும்.

முதல் வழியான கலர் பூச்சுக்கு நியாயம் இருக்கிறது. செலவு குறைவு, வாரக் கடைசியில் வீட்டு வாசலிலேயே செய்து முடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலையில் ஒட்டிய அசல் துணி வண்டியிலேயே இருக்கும். அந்த வரி, அந்த இணைப்பு, அந்த ஓர மடிப்பு எதையும் பின்னால் யாரும் திருப்பித் தர முடியாது. இதைச் சாயம் என்று விற்றாலும் இது பெரும்பாலும் வளைந்து கொடுக்கும் ஒரு வகைப் பெயின்ட்தான். அதனால் அடித்தளம் சுத்தமாக இல்லாவிட்டால் உரிந்து வரும். ஆண்டாண்டாகப் பளபளப்புக்காகத் தேய்த்த சிலிகான் இங்கே பெரிய எதிரி. மெல்லிய பிரஷால் வரிகளுக்குள் இருக்கும் அழுக்கோடு அதையும் கழுவி எடுத்து, நன்றாக உலரவிட்டு, மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் வரியெல்லாம் நிரம்பி, ரெக்சின் போலவே இருக்காது.

இந்த வழியின் குறை அதன் வெற்றியிலேயே இருக்கிறது. கறுப்புக் கூரை மீண்டும் கறுகறுவென்று ஆகிவிட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பின்கண்ணாடியின் கீழ் மூலையில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு என்றால் விரலுக்குக் கீழே அசைவிருக்காது. துரு பிடித்திருந்தால் துணிக்கு அடியில் அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை கேட்கும். அரிசி மணி அளவுக்குச் சிறு மேடுகள் கையில் தட்டுப்படும். அந்த நிலையிலிருக்கும் கூரைக்குக் கலர் பூசுவது நோயை மூடி வைப்பதே. கடைக்காரர் விற்பனைக்கு நிறுத்தும் முன் அவசரமாகப் பூசிய கூரை என்றால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

புதுத் துணி போடுவதே முழுமையான வழி. ஆனால் இதை ஒழுங்காகச் செய்வோர் குறைவு. பீடிங்கை எடுத்து, கண்ணாடிகளைக் கழற்றி, பழைய துணியை உரித்தால் மஞ்சளாகக் காய்ந்த பசையும், ஸ்டட்களைச் சுற்றிப் பழுப்பு வளையங்களும் வரிசையாகத் தெரியும். அந்த வரிசையைப் பார்த்த பிறகு எவருக்கும் கலர் பூச்சில் நம்பிக்கை இருக்காது. பசையைக் கரைத்துச் சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்ய வேண்டும். பட்டி வைத்து அடைத்தால் போதாது. வெல்டிங் பொறி உள்ளே தெறிக்கும் என்பதால் உட்கூரைத் துணியையும் கழற்றியாக வேண்டும். பிறகு எபாக்சி ப்ரைமர், அதன்மேல் முழுப் பெயின்ட். யாருக்கும் தெரியப்போகாத இடத்துக்கு எதற்குப் பெயின்ட் என்று மிச்சம் பிடிப்பவர்கள், ஆலை செய்த பழைய தவறையே திரும்பச் செய்கிறார்கள்.

ஒட்டுவது கைத்திறன். கூரையிலும் துணியிலும் நடுக்கோடு போட்டு, துணியை வெயிலில் விரித்து இளகவிட்டு, இரு பரப்பிலும் பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பாதி பாதியாகப் படிய வைக்க வேண்டும். நடுக்கோடு விரல் கனம் விலகினாலும் முன்னும் பின்னும் ஓடும் இரு இணைப்புக் கோடுகள் கோணி நிற்கும். பத்தடி தூரத்திலிருந்தே கண்ணை உறுத்தும். பசையும் வெயிலில் இளகாத வகையாக இருக்க வேண்டும். கறுப்புக் கூரை கோடையில் எவ்வளவு சுடும் என்று தெரியாமல் சாதாரண ஸ்பிரே பசை அடித்தவர்களின் கூரை அடுத்த கோடையிலேயே உப்பிவிடும். பின்தூண் வளைவில் சுருக்கம் எடுக்க ஹீட் கன் பிடிக்கும்போது அதிகமாக இழுப்பதும் தவறு. இழுத்த துணி திரும்பச் சுருங்கத்தான் பார்க்கும்.

அடியில் பஞ்சு வைத்த கூரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1970-களின் சொகுசுக் கார்களில் மெத்தென்று இருக்கும் அந்தப் பஞ்சு, உள்ளே வந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் கலர் பூச்சை யோசிக்கவே வேண்டாம். பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

துணியை எடுத்துவிட்டுப் பெயின்ட் அடிப்பவர்களின் வாதம் எளிது: துரு வருவதே துணியால்தான், துணி இல்லையென்றால் துரு இல்லை. வாதம் பெரும்பாலும் சரி. ஆனால் வேலை நினைப்பது போல எளிதல்ல. கூரையும் பின்தூணும் சேரும் இணைப்பை, துணி மறைத்துவிடும் என்ற தைரியத்தில் பல கார்களில் கரடுமுரடாகவே விட்டிருப்பார்கள். அதைச் சமன்படுத்தி, ஸ்டட்களை அராவி, பீடிங் இருந்த இடங்களை அடைத்து முடிக்கும்போது புதுத் துணி போடும் செலவைத் தொட்டுவிடும். வரலாற்று இழப்பு வேறு. 1970 டாட்ஜ் சேலஞ்சரின் அடையாளத் தகட்டில் வி1எக்ஸ் என்ற குறி இருந்தால் அந்த வண்டி கறுப்பு வினைல் கூரையோடுதான் ஆலையை விட்டு வந்தது என்று பொருள். அதை வழுக்கைக் கூரையாக்கினால் தகடு ஒன்று சொல்லும், வண்டி வேறொன்று காட்டும். 1969, 1970-இல் பிளிமத் விற்ற பூப்போட்ட மாட் டாப் கூரையை எடுத்துவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது. அந்தக் காரின் அடையாளமே அந்தப் பூக்கள்தான். மாறாக, குறியில் வினைல் இல்லாமல், விற்பனைக் கடையில் பின்னால் ஒட்டிய துணி என்றால் தயங்காமல் எடுத்துவிடலாம்.

வினைல் போலத் தோன்றும் தெளிப்புப் பூச்சுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இணைப்புக் கோடு இல்லாத, வரி பொருந்தாத அந்தச் சொரசொரப்பு அசலைப் பார்த்தவரை ஏமாற்றாது. பின்னால் சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு.

ஆகவே, தகடு உலர்ந்து உறுதியாக இருந்து, துணி வெளிறியிருந்தால் மட்டும் கலர் பூசுங்கள். ஒரே ஒரு மேடு கையில் தட்டுப்பட்டாலும் பிரித்துவிடுங்கள். இப்படிப்பட்ட காரை வாங்கப் போகிறவர்கள் டிக்கி விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். பின்கண்ணாடிக்குக் கீழே இறங்கும் நீர் அங்கேதான் சொட்டும். டிக்கியின் தரையில் துருக்கறை இருந்தால், கூரை எவ்வளவு பளபளத்தாலும், தகட்டு வேலைக்கான செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.