பேசா உயிரின் திணை: திரைப்பட மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல்

1. முன்னுரை

ஹேமர் நிறுவனத்தார் 1957இல் வெளியிட்ட ‘தி கர்ஸ் ஆஃப் பிராங்கன்ஸ்டைன்’ என்னும் பிரித்தானியத் திகில் படம், மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவியது. டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய இப்படத்தில் பீட்டர் குஷிங் விக்டர் என்னும் அறிவியலாளராகவும், கிறிஸ்டோபர் லீ பிணவுறுப்புகளால் ஆக்கப்பட்ட உயிராகவும் நடித்துள்ளனர். இதனைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் திணைச் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பேச்சிழப்பு

புதினத்தில் அவ்வுயிருக்குப் பெயரில்லை, ஆயின் மொழியுண்டு. மறைந்திருந்து ஒரு குடும்பத்தாரின் பேச்சைக் கேட்டு மொழி கற்பதும், மில்டனின் காப்பியத்தைப் படிப்பதும், ஆக்கியோனிடம் வழக்குரைப்பதும் அதன் உயிர்நாடியான பகுதிகள். படமோ அப்பேச்சை முற்றிலும் நீக்கிவிடுகிறது. கதை முழுவதும், மரணதண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருக்கும் விக்டர் பாதிரியாரிடம் கூறுவதாகவே அமைந்துள்ளது. இதனால் அறிவியலாளரின் கொடுமை கூர்மை பெறுகிறது. அவரால் ஆக்கப்பட்ட உயிரின் முறையீடு மறைந்துபோகிறது. இது படத்தின் வலிமையும் குறையுமாகும்.

3. திணைத் தெரிவு

ஆங்கிலத்தில் படர்க்கைச் சுட்டுப்பெயரைத் தவிர்த்தால் திணை வெளிப்படாது. வங்கமொழி வினைமுற்றும் மதிப்பை உணர்த்துமேயன்றித் திணை, பால் உணர்த்தாது. எனவே இப்புதினத்தை ‘மானுஷேர் கடா தைத்ய’ (மனிதன் ஆக்கிய அரக்கன்) எனத் தழுவிய ஹேமேந்திரகுமார் ராய்க்கு, வினைதோறும் திணையை முடிவுசெய்யும் கட்டாயம் எழவில்லை. தமிழில் ‘வந்தான்’, ‘வந்தது’ என ஒவ்வொரு முற்றும் தீர்ப்பு வழங்குகிறது.

தொல்காப்பியம் மக்களென்னும் கருத்தை உயர்திணைக்கு அடிப்படையாக்குகிறது. நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் சேர்க்கிறது. இதனால் ஒரு முரண் தோன்றுகிறது. ‘அரக்கன்’ என்னும் வசைச்சொல் அவ்வுயிரை உயர்திணையில் ஏற்றுகிறது. ‘படைப்பு’, ‘பிறவி’ என்னும் பரிவுச் சொற்கள் அஃறிணையில் தள்ளுகின்றன. அலிப்பூர்த் தேசிய நூலகத்தில் வையாபுரிப்பிள்ளையின் நூற்றொகுதியும் வங்க நூற்பகுதியும் உள்ளன. இருமொழித் திணை வழக்கை ஒப்பிட விழைவோர்க்கு அஃது உகந்த இடமாகும்.

4. திணையும் பழியும்

பணிப்பெண் ஜஸ்டினை விக்டர் அவ்வுயிருடன் அறையில் அடைத்துவிடுகிறார், அவள் கொல்லப்படுகிறாள். அக்கொலைக்காகவே அவருக்குத் தண்டனை. ‘அது கொன்றது’ எனின் அவ்வுயிர் கருவி, வினைமுதல் விக்டரே. ‘அவன் கொன்றான்’ எனின் வேறொரு வினைமுதல் தோன்ற, விக்டரின் பழி குறைகிறது. அவ்வுயிரோ அமிலத் தொட்டியில் அழிந்துவிட்டது. நண்பர் பாலும் சான்றுரைக்க மறுக்கிறார். எஞ்சியிருப்பது விக்டரின் சொல் ஒன்றே.

5. முடிவுரை

ஆகவே படம் முழுவதற்கும் ஒரே திணையைக் கொள்வது பொருந்தாது. ஆய்வகத்தில் தம் ஆக்கத்தைப் பெருமையுடன் காட்டும் விக்டர் ‘அது’ என்றும், பழியை இறக்கிவைக்க முயலும் சிறைக் காட்சியில் ‘அவன்’ என்றும் கூறுமாறு அமைப்பதே தக்கது. பேசுவோன் தன் நலம் கருதித் திணையை மாற்றுகிறான் என்பதை மூலத்தைக் காட்டிலும் தமிழ் தெளிவாக உணர்த்த இயலும். இலக்கணக் கட்டாயம் மொழிபெயர்ப்பாளர்க்கு எப்போதும் தடையன்று. சிலபோது அதுவே திறனாய்வுக் கருவியாகும்.