இருமுறை உழைக்கும் நீராவி

அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலைக்குப் போனால் நான் முதலில் தேடுவது கொதிகலனைத்தான். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 300 கிலோ சக்கை மிஞ்சும்; அதில் பாதி ஈரம். அந்த ஈரச் சக்கைதான் அங்கே எரிபொருள்.

சக்கை எரிந்து எழுப்பும் உயர் அழுத்த நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. சாதாரண அனல்மின் நிலையமாக இருந்தால், அதன்பின் மிஞ்சும் வெப்பத்தைக் குளிர்விப்புக் கோபுரம் வழியே காற்றில் விட்டுவிடுவார்கள். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அப்படித்தான் போகிறது. ஆலையிலோ, டர்பைனை விட்டு வரும் நீராவிக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது: சாறு காய்ச்சுவது. முதல் கலனில் சாற்றிலிருந்து எழும் ஆவி இரண்டாம் கலனைச் சூடாக்கும். அதன் ஆவி மூன்றாம் கலனை. 1840களில் அமெரிக்காவின் லூசியானாவில் நார்பெர்ட் ரில்லியூ என்ற பொறியாளர் வகுத்த முறை இது. அடிமையாக இல்லாத, ஆப்பிரிக்க வழிவந்த தாய் பெற்ற பிள்ளை அவர். என்ன மூளை, என்ன சிக்கனம்!

ஆலையின் தேவை போக மிஞ்சும் மின்சாரம் ஊருக்கும் போகிறது.

சக்கை இல்லாத இடத்திலும் ஒரே எரிபொருளில் மின்சாரமும் வெப்பமும் இப்படிப் பெறலாம். எரிவாயு எஞ்சின் மின்சாரம் தரும். அதன் புகைச்சூட்டில் வெந்நீர் கிடைக்கும், குளிரூட்டும் இயந்திரமும் ஓடும். இரவும் பகலும் வெந்நீர் தேவைப்படும் மருத்துவமனைகளைக் கட்டுபவர்கள் வரைபடம் போடும்போதே இந்த ஏற்பாட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.