ஓராண்டும் ஓர் ஏரியும்

பறவை காண்போரிடையே ஒரு போட்டி உண்டு. ஜனவரி முதல் நாள் தொடங்கி டிசம்பர் இறுதி நாள் முடிய, ஓராண்டுக்குள் எத்தனை வகைப் பறவைகளைக் கண்டோம் என்று கணக்குக் காட்டுவதே அப்போட்டி. நிழற்படத்தைச் சான்றாகக் கேட்போரும் உளர். இவ்வகை முயற்சியைக் கூறும் நூல்களுள் குறிப்பிடத்தக்கது, அமெரிக்கரான நோவா ஸ்ட்ரைக்கர் எழுதி 2017இல் வெளிவந்த 'பேர்டிங் வித்தவுட் பார்டர்ஸ்'. அதன் நிறையையும் குறையையும் எடுத்துக் காட்டுவது நம் நோக்கம்.

2015ஆம் ஆண்டு முழுவதும் ஸ்ட்ரைக்கர் பயணத்திலேயே கழித்தார். ஏழு கண்டங்கள், 41 நாடுகள், 6,042 பறவை இனங்கள்! உலகில் உள்ளவை ஏறத்தாழப் பதினாயிரம் இனங்கள் எனின், பாதிக்கும் மேல் அவர் கண்டுவிட்டார். நாளொன்றுக்குப் பதினாறுக்குக் குறையாத புதிய இனங்கள் என்று கணக்கு வருகிறது. இந்த ஊக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

நூலின் தலையாய நிறை ஒன்றுண்டு. தாம் கண்ட, அல்லது குரல் கேட்ட ஒவ்வொரு பறவையையும் உடனிருந்த இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டார். அதனால், சென்ற நாடுதோறும் உள்ளூர்ப் பறவை ஆர்வலர்களைத் துணைகொண்டார். சாட்சியில்லாத உரிமை கோராத இந்த நேர்மை, எத்துறையில் எழுதுவோருக்கும் நல்ல பாடம்.

குறை எங்கே என்பதை விளங்கிக்கொள்ள, கேரளத்துத் தட்டேக்காட்டுக்குச் செல்ல வேண்டும். அதுவரை இருந்த உலக எண்ணிக்கையை ஸ்ட்ரைக்கர் 2015 செப்டம்பரில் கடந்தது அங்கேதான்; கடக்கச் செய்த பறவை, இலைச் சருகின் நிறத்தில் கிளையோடு கிளையாய் ஒடுங்கியிருக்கும் தவளைவாயன். அப்பறவைகள் சரணாலயம் தாங்கியிருப்பதோ டாக்டர் ஸாலிம் அலி அவர்களின் பெயரை. 1933இல் திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராயப் புறப்பட்டபோது அப்பகுதிக்கு வந்தவர் அவர். அந்த ஆய்வு நூல் வடிவம் பெற்றது 1953இல்! ஒரே காட்டில் ஒருவருக்கு ஒரு வரி கிடைத்தது. மற்றவருக்கு இருபதாண்டு உழைப்பின் விளைவு கிடைத்தது.

ஸாலிம் அலி அவர்களின் தன்வரலாறு 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ' 1985இல் வெளிவந்தது. நம் இல்லங்களில் இருக்கத்தக்க நூல் அது. வேலையின்றி இருந்த காலத்தில், பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடலோரக் கிராமத்தில் தூக்கணாங்குருவிகளின் கூடுகளருகே மறைவிடம் அமைத்து நாள்கணக்கில் அமர்ந்திருந்தார் அவர். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டுவதும், பெட்டை வந்து சோதித்து ஏற்பதும், பின்னர் அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்குவதும் அங்ஙனம் இருந்தவர்க்கே தெரிந்தன. பட்டியலில் அந்தப் பறவை ஒன்றே ஒன்றுதான்.

ஆயின் எண்ணுவதே வீண் என்போமா? ஒருபோதும் இல்லை. எங்கே எண்ணுகிறோம், எத்தனை முறை எண்ணுகிறோம் என்பதே கேள்வி. ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980களின் நடுவிலும் 1990களின் பிற்பகுதியிலும் கழுகுகளை எண்ணினார் விபு பிரகாஷ். இரு கணக்குகளுக்கிடையே வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் மருந்தே காரணம் எனப் பின்னர்த் தெளிந்தது. கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்துவது 2006இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஓரிடத்தில் திரும்பத் திரும்ப எண்ணியவர்க்கே 'இல்லை' என்பது கண்ணில் படும். ஊர் ஊராய் ஓடும் பட்டியலில் இருப்பவைக்கு மட்டுமே இடம் உண்டு. இல்லாமற் போனவைக்கு அங்கே வரியே கிடையாது. இதுவே இவ்வகைப் போட்டியின் பெருங்குறை என்போம்.

இதனை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியைச் சார்ந்தது மண்ணூர். செம்பரம்பாக்கம் ஏரி தொலைவில் இல்லை. கார்களும் கைப்பேசிகளும் உருவாகும் இப்பகுதி, ஏரிகளாலும் தாங்கல்களாலும் ஆனதோர் நாடு. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியதும் உள்ளான்களும் வாத்துகளும் வடக்கிருந்து வரும். கோடையில் நீர் வற்ற, மடையானும் நத்தைகுத்தி நாரையும் எஞ்சிய குட்டையைச் சூழும். எந்த ஏரியில் எது வந்தது, எது வரவில்லை என்று எழுதி வைப்பார் இல்லையெனில், ஓர் ஏரி தூர்ந்தாலும் அதன் பறவைகள் இருந்தமைக்குச் சாட்சி இராது.

வேடந்தாங்கல் மக்கள் 1798இலேயே தம் பறவைகளைக் காக்கும் உரிமையை ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுத்தில் பெற்றனர். எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு எரு என அறிந்தவர்கள் அவர்கள். தம் ஊர் ஏரியை அறிந்த அறிவே அவ்வுரிமையைக் கேட்க வைத்தது.

ஆதலின், ஸ்ட்ரைக்கர் நூலை நம் பிள்ளைகள் படிக்கட்டும்; அதன் ஊக்கத்தையும் சாட்சி விதியையும் ஏற்கட்டும். பயணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம். ஒரே ஏரி, வாரம் ஒரு காலை, ஒரு குறிப்பேடு, ஓராண்டு. அறுபது இனங்கள் சேராமற் போகலாம். சென்ற வாரம் இருந்து இவ்வாரம் காணாத ஒரு பறவையைப் பற்றி அந்தப் பிள்ளை கேள்வி கேட்குமானால், அவ்வாண்டு வெற்றியாண்டே.