குறிப்புக் கதையும் கேட்ட கதையும்: கொல்கத்தா ஆங்கில வகுப்பில் கதையெழுத்தும் ஆய்வுப் பயிற்சியும்

கொல்கத்தாவின் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில எழுத்துத் தேர்வுக்கெனத் தரப்படும் கதைவினா பெரும்பாலும் ஒரே தோற்றமுடையது. சில பெயர்ச்சொற்களும் பெயர்த்தொடர்களும் சிறுகோடுகளால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும். காகம், கடும் தாகம், வறண்ட வயல், அடியில் சிறிது நீருள்ள பானை, கூழாங்கற்கள் என்பது போன்ற அவ்வரிசையை ஏறத்தாழ 100 சொற்களில் கதையாக விரித்தெழுத வேண்டும். மத்யமிக் எனப்படும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பயிலும் மாணவர் இவ்வகைக் கதைகளை ஆண்டு முழுவதும் எழுதிப் பழகுகின்றனர். அறிக்கை, வாழ்க்கைக் குறிப்பு, செய்முறை விளக்கம் ஆகியனவும் இவ்வாறே குறிப்புகளிலிருந்து விரிக்கப்படுகின்றன. இப்பயிற்சி எதனைக் கற்பிக்கிறது, எதனைக் கற்பிப்பதாகப் பெயரளவில் மட்டும் கூறிக்கொள்கிறது என்பன மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆராய வேண்டிய வினாக்களாகும்.

குறிப்புகளின் மொழியமைப்பை நோக்கினால் முதல் வினாவுக்கு விடை எளிதில் கிடைக்கும். அவற்றில் முற்றுவினை இல்லை, சுட்டிடைச்சொற்கள் இல்லை, இணைப்புச்சொற்கள் இல்லை. விடுபட்டவற்றை நிரப்புவதே மாணவர் பணி. ஆகவே கதை என்ற பெயரில் நிகழ்வது காலங்காட்டும் வினைவடிவங்களிலும் தொடர் இணைப்பிலும் தரப்படும் பயிற்சியே. அப்பயிற்சி வேண்டாததன்று. ஆனால் எடுத்துரைப்பின் உயிர்நிலையான முடிவுகள் அனைத்தும் வினாவை அமைத்தவராலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. எந்நிகழ்ச்சியை முன்வைப்பது, எதனைச் சொல்லாமல் நிறுத்திவைப்பது, யாரைப் பேசவிடுவது, எங்கு விரைவது என்பனவற்றுள் எதுவும் மாணவருக்கு எஞ்சுவதில்லை. கதை அவருக்கு முன்பே தெரியும், திருத்துபவருக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவர் மற்றொருவருக்கு எழுதிக்காட்டும் இந்நிலையைக் கருத்தாடல் என்று கொள்வதற்கில்லை.

இந்நிலை தோன்றியதற்கு வரலாற்றுக் காரணங்களும் உண்டு. மேற்கு வங்க அரசு 1983ஆம் ஆண்டளவில் அரசுசார் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியது. ஆறாம் வகுப்பில்தான் அது தொடங்கியது. தாய்மொழிவழிக் கல்வியை வலுப்படுத்தும் நோக்கம் போற்றத்தக்கதே. எனினும் வசதியுள்ள குடும்பங்கள் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளையும் தனிப்பயிற்சியையும் நாடின. வசதியற்றோரின் பிள்ளைகளே அக்கொள்கையின் முழுச்சுமையையும் ஏற்றனர். பவித்ர சர்க்கார் தலைமையிலான 1998ஆம் ஆண்டுக் குழுவுக்குப் பின் 1999இல் மூன்றாம் வகுப்பிலிருந்தும், 2004இல் முதல் வகுப்பிலிருந்தும் ஆங்கிலம் மீண்டும் இடம்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் வேரூன்றிய தனிப்பயிற்சிப் பண்பாடு மட்டும் அகலவில்லை. காலேஜ் தெருக் கடைகளில் குறிப்புதவி நூல்களும், தேர்வுக்கு முன் 'சஜெஷன்' என்ற பெயரில் எதிர்பார்க்கப்படும் வினாக்களின் பட்டியல்களும் இன்றும் விற்பனையாகின்றன. குறிப்புக் கதை இச்சூழலுக்கு மிகவும் உகந்தது. நாற்பது கதைகளை மனனம் செய்தவர் நாற்பத்தோராவது கதையையும் ஒருவாறு சமாளித்துவிடலாம். ஆங்கிலம் கேட்க வாய்ப்பற்ற வீட்டிலிருந்து வரும் மாணவருக்கு மனனம் தவிர வேறு கருவி தரப்படுவதில்லை என்பதே இதிலுள்ள கொடுமை.

தென்னிந்தியாவில் 1979 முதல் 1984 வரை நடைபெற்ற, பெங்களூர்த் திட்டம் என அறியப்படும் முயற்சி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதனை வழிநடத்திய என். எஸ். பிரபு, வகுப்பறைப் பணிகளைத் தகவல் இடைவெளி, பகுத்தறி இடைவெளி, கருத்து இடைவெளி எனப் பிரித்து, முற்றுப்பெறாக் கதையை முடித்தலைக் கருத்து இடைவெளிக்கு எடுத்துக்காட்டாக்கினார். இம்மூன்றனுள் அவர் பெரிதும் சார்ந்து நின்றது பகுத்தறி இடைவெளியையே. கருத்து இடைவெளிப் பணியில் விடை சரியா தவறா எனத் துணியும் வழி இல்லாமை தொடக்கநிலை மாணவருக்கு இடர் தரும் என்பது அவர் கருத்து. இக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயின் குறிப்புக் கதை இம்மூன்றனுள் எவ்வகையிலும் அடங்காது. அதில் இடைவெளியே இல்லை. கதையெழுத்தில் மெய்யான இடைவெளியை உண்டாக்கவும், அதே வேளையில் சரிபார்க்கத்தக்க அடித்தளத்தை வழங்கவும் ஒரு வழி உளதா என்பதே வினா. உளது என்பதற்கான சான்று வங்காளத்திலேயே, அதுவும் ஓர் ஆங்கில ஆசிரியரிடமே கிடைக்கிறது.

லால் பிகாரி தே கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் நடத்திய கல்விநிலையத்தில் பயின்றவர். பின்னாளில் ஹூக்ளிக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். வங்காளத்து ஊரக மக்களின் வாழ்க்கையைக் காட்டும் சிறந்த புதினத்துக்கு உத்தர்பாராவின் நிலக்கிழார் ஜெயகிருஷ்ண முகர்ஜி அறிவித்த பரிசைப் பெற்ற அவரது ஆங்கிலப் புதினம் 1874இல் 'கோவிந்த சாமந்தா' என்ற பெயரில் வெளிவந்தது. அப்புதினத்தில் சிறுவன் ஒருவன் மாலைதோறும் ஒரு மூதாட்டியிடம் கதை கேட்கும் இடம் உண்டு. அதனைப் படித்த ரிச்சர்ட் டெம்பிள், அத்தகைய கதைகளைத் தொகுத்தளிக்குமாறு தேயைக் கேட்டுக்கொண்டார். புனைகதையின் ஒரு காட்சி இவ்வாறு ஒரு களஆய்வுக்கு வித்தாயிற்று. 1883இல் லண்டனில் மாக்மில்லன் நிறுவனம் வெளியிட்ட 'வங்காள நாட்டுப்புறக் கதைகள்' அதன் விளைவாகும். தமிழகத்தில் நடேச சாஸ்திரியாரின் தென்னிந்திய நாட்டுப்புறக் கதைத்தொகுதி வெளிவரத் தொடங்கியதும் ஏறத்தாழ இக்காலமே.

அந்நூலின் முன்னுரை இரண்டு பக்க அளவினதே. எனினும் ஆய்வு நெறிமுறை கற்பிக்கும் ஆசிரியர் பலமுறை பயன்படுத்தத் தக்கது. இளமையில் கேட்ட கதைகளுட் பெரும்பாலானவை தமக்கு மறந்துபோயின என்று தே ஒப்புக்கொள்கிறார். எனவே கதைசொல்லிகளைத் தேடிச் செல்கிறார். சிறுமியாக இருந்தபோது பாட்டியிடம் கதை கேட்டிருந்த ஒரு வங்காளக் கிறித்தவப் பெண்மணி 10 கதைகள் சொல்கிறார். முதிய அந்தணர் ஒருவர் 2, முதிய நாவிதர் ஒருவர் 3, தேயின் பழைய பணியாளர் ஒருவர் 2 எனச் சொல்ல, எஞ்சியவை வேறொரு முதிய அந்தணர் வாய்மொழி. ஆக 22 கதைகள். இவர்களுள் எவரும் ஆங்கிலம் அறியாதவர். எல்லாரும் வங்காளத்திலேயே சொன்னார்கள். வீடு திரும்பிய பின் தாம் ஆங்கிலப்படுத்தியதாகத் தே கூறுகிறார். தாம் கேட்டவற்றுள் பலவற்றை, பழைய வடிவத்தோடு பிற்சேர்க்கைகள் கலந்தனவாகத் தோன்றியமையால், விலக்கியதாகவும் கூறுகிறார்.

தகவலாளி யார், எண்ணிக்கை எவ்வளவு, எம்மொழியில் கேட்கப்பட்டது, எப்போது மொழிபெயர்க்கப்பட்டது, எக்காரணத்தால் எது விலக்கப்பட்டது ஆகிய அனைத்தும் இம்முன்னுரையில் உள்ளன. குறையும் உண்டு, அக்குறையும் கற்பிக்கத்தக்கதே. எக்கதை எவர் சொன்னது என்ற குறிப்பு கதைகளுடன் இல்லை. நாவிதரின் நடைக்கும் அந்தணரின் நடைக்கும் வேறுபாடு இருந்திருக்க வேண்டும். தேயின் சீரான விக்டோரிய ஆங்கிலத்தில் அது கரைந்துபோயிற்று. தொகுப்பாளர் பெயர் நூலின் முகப்பில் நிற்க, 10 கதைகள் தந்த பெண்மணியின் பெயர் எங்கும் இல்லை. இளமையில் தாம் கேட்ட வடிவமே மூலம், பிற கலப்பு எனக் கருதியதும் இன்றைய வழக்காற்றியல் ஏற்காத அளவுகோல். வடிவவேறுபாடுகளே வாய்மொழிக் கதையின் இயல்பு.

மாணவர் இத்தகைய பணியில் ஈடுபட வேண்டும் என்ற எண்ணமும் கொல்கத்தாவுக்குப் புதிதன்று. 1905இல் வங்கீய சாகித்திய பரிஷத்தின் சார்பில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் இரவீந்திரநாத் தாகூர், வட்டார வழக்குகள், நாட்டுப்புற வழக்கங்கள், சமயக் குழுக்கள் முதலியவற்றைப் பற்றிய செய்திகளைத் தத்தம் ஊர்களிலிருந்து திரட்டுமாறு வேண்டினார். இனவியல் நூல்களைப் பயிலும் மாணவர் தம் வீட்டின் அருகே வாழும் எளிய சாதியினரை அறிய முனைவதில்லை என்று அவர் வருந்தியது இன்றைய செயல்திட்ட ஏடுகளுக்கும் பொருந்தும். ஆங்கிலப் பகுதிகளையும் அவற்றுக்கு இணையான வங்காளப் பகுதிகளையும் கொண்டு 1917இல் அவர் வெளியிட்ட 'அனுவாத சர்ச்சா' மொழிபெயர்ப்பைத் தேர்வு வினாவாகக் கொள்ளாது மொழிக்கல்வியின் வழியாகக் கொண்டது. கதை திரட்டலும் மொழிபெயர்ப்பும் அவரிடத்தில் இருவேறு நூல்களாக நின்றுவிட்டன. ஆங்கில வகுப்பில் அவை ஒன்றாக இணைக்கப்படவில்லை.

மேல்நிலைக் கல்விக் கழகத்தின் 2013ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் ஆங்கிலத்தில் 20 மதிப்பெண்ணைச் செயல்திட்டத்துக்கு ஒதுக்கி, கதையை நீட்டியெழுதுதல், அயற்கதையை உள்ளூர்ச் சூழலுக்கு மாற்றியெழுதுதல் போன்ற பணிகளுக்கு இடமளித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் பணி அனைத்தும் அச்சிட்ட நூலிலிருந்து அச்சிட்ட நூலுக்கே செல்கிறது. அடர்வண்ண அட்டையும் நன்றியுரைப் பக்கமும் ஆய்வின் அடையாளங்களாகிவிட, தேடல் இல்லாமற் போகிறது. ஆயத்த ஏடுகளிலிருந்து பெயர்த்தெழுதுவதைத் தடுக்கும் எதுவும் இப்பணியின் அமைப்பில் இல்லை.

கேட்ட கதையை எழுதுதல் ஏன் மேலானது என்பதற்கு மொழியமைப்பே தக்க விடை தருகிறது. வங்காளக் கதைசொல்லி, தமிழ்க் கதைசொல்லியைப் போலவே, எச்சங்களால் கதை நடத்துகிறார். அரசன் காட்டுக்குப் போய், மானைக் கண்டு, அம்பெய்து, அது தப்பியோட, பின்தொடர்ந்து, வழிதவறினான் என்று தமிழில் சொல்வதை வங்காளம் 'கியே', 'தேகே' முதலிய எச்சவடிவங்களால் ஏறக்குறைய அப்படியே சொல்லும். ஆங்கிலம் இச்சங்கிலியை ஏற்பதில்லை. எவ்வினையை முற்றாக்குவது, எதனைத் துணைத்தொடராக்குவது என ஒவ்வொரு கண்ணியிலும் முடிவெடுத்தாக வேண்டும். தமிழ் 'என்று' போன்று நேர்கூற்றைத் தாங்கும் 'போலே' என்ற வடிவத்தையும் அவிழ்த்தாக வேண்டும். இவை எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாகக் காட்டியபின் மொழியியலாருக்குப் பழக்கமான ஒப்புமைகள். பள்ளி ஆசிரியரிடம் மட்டும் இன்னும் சென்று சேரவில்லை.

வங்காள மாணவர் முன்னாள் நடந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது ஆங்கிலத்தின் இறந்தகால நிறைவு வடிவத்தைத் தேவையின்றிப் பயன்படுத்துவது ஆசிரியர் யாவரும் அறிந்த பிழை. 'கியேசிலாம்' போன்ற வடிவம் வங்காளத்தில் கழிந்த நிகழ்ச்சிக்கு இயல்பாக வருவதே அதற்குக் காரணம். குறிப்புக் கதையில் இது சிவப்பு மையால் அடிக்கப்பட்டு மறக்கப்படும். தாமே கேட்டெழுதிய வங்காள வாக்கியம் பக்கத்தில் இருந்தால் பிழையின் ஊற்றை மாணவரே காண்பார். 'ஷே' என்ற படர்க்கைப் பெயர் பால்வேறுபாடு காட்டாது. 'தினி' என்ற வடிவம் மதிப்புக் காட்டும். ஆங்கிலத்தில் பால் கட்டாயமாகிறது, மதிப்பு மறைகிறது. அரசனுக்கு 'தினி'யும் திருடனுக்கு 'ஷே'யும் வழங்கிய பாட்டி, கதையின் முடிவில் திருடனுக்கும் 'தினி' வழங்கினால், அத்திருப்பத்தை ஆங்கிலத்தில் எவ்வாறு காட்டுவது? இவ்வினாவைப் பதினைந்து வயதில் எதிர்கொண்டவர் மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்பதை அறியத் தொடங்கிவிடுகிறார். ஒலிக்குறிப்புச் சொற்களும் இத்தகையனவே. பெருமழைக்கு 'ஜம்ஜம்', தூறலுக்கு 'டிப்டிப்', ஆளரவமற்ற வெட்டவெளிக்கு 'தூதூ'. (கடைசிச் சொல் தமிழ்ச் செவிக்கு முற்றிலும் வேறு பொருள் தரும்.) இவற்றை விரிவாக ஆராய்ந்தவர்களுள் தாகூரும் ஒருவர். ஆங்கிலத்தில் இவற்றை விடுவதா, விளக்குவதா, ஒலிபெயர்ப்பதா என்பதற்கு ஆயத்த விடை எந்தக் குறிப்புதவி நூலிலும் கிடைக்காது.

எனவே கதையெழுத்தையும் ஆய்வுப் பயிற்சியையும் ஒரே பணியாக்குவது இயலும். வீட்டிலோ தெருவிலோ கேட்ட ஒரு கதையை மாணவர் முதலில் கேட்ட மொழியிலேயே எழுதுவார். சொன்னவரின் வயது, ஊர், தொழில், அவர் யாரிடம் கேட்டார் என்பனவற்றைக் குறிப்பார். அவர் இசைந்தால் மட்டுமே பெயரைச் சேர்ப்பார். அடுத்து ஆங்கில வடிவம். இறுதியில், கொண்டுவர இயலாமற் போனவை பற்றி அரைப்பக்கம். மதிப்பீட்டில் இந்த அரைப்பக்கத்துக்கே மிகுதியான மதிப்பெண் வழங்கப்பட வேண்டும்.

இதற்கு இரண்டு தடைகள் கூறப்படலாம். கதையையும் சொன்னவரையும் மாணவரே கற்பனை செய்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. நம்பத்தக்க கதைசொல்லியையும் அவர் நடையையும் வங்காளத்தில் புனைந்து ஆங்கிலத்திலும் தர ஒரு மாணவரால் இயலுமாயின், கதையெழுத்துக்குரிய மதிப்பெண்ணை அவருக்கு மறுப்பதற்கில்லை, ஆய்வுக்குரியதை மறுக்கலாம். மற்றொரு தடை கடினமானது. கொல்கத்தா வகுப்பறை வங்காளம் மட்டும் பேசுவதன்று. உருது, இந்தி, போஜ்புரி, ஒடியா பேசும் வீடுகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். போஜ்புரிக் கதையின் மூலத்தை வங்காள ஆசிரியர் எவ்வாறு சரிபார்ப்பார்? அவர் தனியே சரிபார்க்க இயலாது. மாணவர் வகுப்பில் உரக்கப் படித்துக்காட்ட, அம்மொழி தெரிந்த மற்றொரு மாணவர் எழுந்து, தம் வீட்டில் அக்கதை வேறு விதமாக முடியும் என்று சொல்லும் வாய்ப்பு உண்டு. ஆசிரியர் அப்போது செய்ய வேண்டுவது, இரண்டாவது முடிவையும் குறித்துக்கொள்ளச் சொல்லி, இருவரையும் தத்தம் கதைசொல்லிகளிடம் மீண்டும் அனுப்புவதாகும்.