எதிர்வாதிக்கும் இடம் தந்த உரை

சங்கரரின் பிரம்ம சூத்திர பாஷ்யத்தை (உரையை) ஆங்கிலத்தில் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் சுவாமி கம்பீரானந்தர். 1899-இல் சில்ஹெட் பகுதியில் பிறந்தவர். கொல்கத்தா ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்து, ராமகிருஷ்ண மடத்தில் துறவியானவர். 1965-இல் அத்வைத ஆசிரமம் வெளியிட்ட அவருடைய மொழிபெயர்ப்பு, இன்றும் கொல்கத்தா டிஹி என்டாலி சாலையிலுள்ள அதன் பதிப்பகத்தில் கிடைக்கிறது.

555 சூத்திரங்களுக்கான அந்த பாஷ்யம் முழுக்க முழுக்க வாதம். மூலத்தில் கேள்வியும் மறுப்பும் பதிலும் ஒரே ஓட்டமாகப் போகும். பேசுவது யார் என்று பெயர் போட்டிருக்காது. கம்பீரானந்தர் அதைப் பிரித்து, பத்திக்குப் பத்தி ‘எதிர்வாதி’, ‘வேதாந்தி’ என்று குறித்துவிடுகிறார். உடனே பக்கம் ஒரு சபையாகிவிடுகிறது. எதிர்வாதியின் கேள்வியில் நம் சந்தேகமே ஒலிக்கிறது. அவருக்குக் கிடைக்கும் பதில் நமக்கும் கிடைக்கிறது.

இன்னொரு நேர்மையும் உண்டு. சூத்திரத்தில் இல்லாமல், பொருள் விளங்கத் தாம் சேர்க்கும் சொல்லை அடைப்புக்குறிக்குள் வைக்கிறார். சங்கரர் எடுத்தாளும் உபநிடத வரி எந்த நூலில் எங்கே வருகிறது என்ற எண்ணையும் தருகிறார். சந்தேகப்படுகிறவர் மூலத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டு உபநிடதங்களையும் கீதையையும் சங்கர பாஷ்யத்தோடு மொழிபெயர்த்தவர் அவர். 1985 முதல் 1988-இல் மறையும்வரை ராமகிருஷ்ண மடத்தின் தலைவர். பதவியைவிட அந்த அடைப்புக்குறிகளுக்காகவே அவரைக் கொண்டாடத் தோன்றுகிறது. தத்துவம் கடினம் என்று ஒதுங்கியிருப்பவர்கள் அவருடைய பிரம்ம சூத்திர பாஷ்ய மொழிபெயர்ப்பில் முதல் நான்கு சூத்திரங்களையாவது படித்துப் பாருங்கள்.